கிராப்பிள் வாங்கும் முன் அதன் எடையைக் கேளுங்கள்

பெங்களூரில் ஏப்ரல், மே மாதக் கோடை மழை இரண்டு நாள் காற்றோடு அடித்தால் போதும், தூங்குமூஞ்சி மரக் கிளையும் குல்மொஹரும் ரோட்டில் கிடக்கும். ஆனேக்கல், ஹொசகோட்டை, தேவனஹள்ளிப் பக்கம் பழைய தைலமரத் தோப்பை அழித்து நிலம் திருத்தும் வேலை வேறு. (கன்னடக்காரர்கள் தைலமரத்தை 'நீலகிரி' என்பார்கள், வேலை பேசும்போது குழம்ப வேண்டாம்.) டிராக்டரில் லோடர் (முன்னால் நீளும் தூக்குக் கை) வைத்திருப்பவர்களுக்கு பக்கெட் இங்கே கைகொடுப்பதில்லை. உருண்டைக் கட்டை வழுக்கி விழும், முள்ளும் கிளையும் பாதி வழியில் சிந்தும். அடுத்த யோசனை, பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டும் கிராப்பிள்தான்: கீழே பல், மேலே ஜாக்கால் இறங்கிக் கவ்வும் மூடி.

பட்டறைக்குப் போனால் வாய் எவ்வளவு திறக்கும், பல் எத்தனை, தகடு எத்தனை எம்எம் என்று கேட்கிறார்கள். அது எத்தனை கிலோ என்று முதலில் கேட்பவர் அபூர்வம். நல்ல கனமாக இருந்தால் நல்ல சாமான் என்பது நம் ஊர்க் கணக்கு. லோடரில் அந்தக் கணக்கு தலைகீழ். கிராப்பிளின் ஒவ்வொரு கிலோவும் நீங்கள் தூக்கப்போகும் கட்டையிலிருந்து கழிகிறது.

45 முதல் 50 எச்பி டிராக்டர், 800 கிலோ தூக்கும் லோடர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 800 பெரும்பாலும், பக்கெட்டை லோடர் கையோடு கோக்கும் 'பின்' (இரும்பு ஊசி) இருக்கும் இடத்தில் அளந்தது. பாரம் அங்கே உட்காருவதில்லை. பல்லின் நடுவில், பின்னிலிருந்து 60 செ.மீ. முன்னால் தள்ளி உட்காரும். லோடர் கை அதன் மேல் மூட்டிலிருந்து பக்கெட் பின் வரை 2.2 மீட்டர் என்றால் 800 x 2.2 ÷ 2.8, அதாவது சுமார் 630 கிலோ. அதில் கிராப்பிளின் சொந்த எடை 220 போனால் மிச்சம் 400 சொச்சம். பிரசுரத்தில் 800 என்று படித்தவருக்குக் கையில் நிற்பது பாதி. விற்பவரிடம் "பின்னில் எவ்வளவு, 500 அல்லது 800 எம்எம் முன்னால் எவ்வளவு, முழு உயரத்தில் எவ்வளவு" என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

அந்த 400 கிலோவில் என்ன தூக்கலாம்? வெட்டிய பச்சைத் தைலமரம் கிட்டத்தட்டத் தண்ணீரின் எடை, கனமீட்டருக்கு 1000 கிலோ அளவில் இருக்கும். 30 செ.மீ. விட்டம், 3 மீட்டர் நீளக் கட்டை சுமார் 210 கிலோ, சுலபமாக வரும். அதே நீளத்தில் 45 செ.மீ. விட்டம் என்றால் 475 கிலோ, வராது. 60 செ.மீ. என்றால் 850. விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்கு. கண்ணால் பார்த்து 'கொஞ்சம்தான் பெருசு' என்று தோன்றுவதில்தான் வண்டி முன்னால் குனிகிறது. 45 செ.மீ. கட்டையை 2 மீட்டராக அறுத்தால் 320 கிலோவுக்கு வந்துவிடும். பெரிய கிராப்பிள் வாங்குவதைவிட மெஷின் வாளில் ஒரு வெட்டு கூடுதலாகப் போடுவது மலிவு.

லோடர் தூக்குகிறது என்பதாலேயே முன் ஆக்சில் தாங்கும் என்று அர்த்தமில்லை. கிராப்பிளும் கட்டையும் சேர்ந்து 620 கிலோ, முன் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது, இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 2 மீட்டர் என்று போட்டுப் பாருங்கள். முன் ஆக்சிலில் கூடுவது 620 அல்ல, சுமார் 990 கிலோ. பின் சக்கரத்திலிருந்து கழன்று போவது 370. டூ வீல் டிரைவ் டிராக்டரின் 6.00-16 டயரும் மெலிந்த முன் ஆக்சிலும் உழவுக்காகச் செய்தவை. ஆக்சிலின் நடுவில் கோத்த பின் தேய்வது, ஸ்டப் (சக்கரம் மாட்டும் தண்டு) வளைவது, ஹப் பேரிங் சத்தம் போடுவது எல்லாம் இங்கிருந்துதான் தொடங்கும். தினமும் கட்டை தூக்கும் வேலை என்றால் ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் இறங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

பின் டயரில் தண்ணீர் நிரப்பிவிட்டோம் போதாதா என்பார்கள். அது பின் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கும். முன் ஆக்சிலின் சுமையை ஒரு கிலோகூடக் குறைக்காது. முன்சுமை குறைய, எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்க வேண்டும். 200 லிட்டர் டிரம்மில் கான்கிரீட் நிரப்பினால் சுமார் 480 கிலோ. கீழ் லிங்குக்குக் குறுக்குக் கம்பியும் டாப் லிங்குக்குக் காதும் கான்கிரீட் போடும்போதே பதித்து, டிராக்டரின் பின்பக்க மூன்று புள்ளி இணைப்பில் மாட்டினால், 90 செ.மீ. பின்னால் தொங்கும்போது முன் ஆக்சிலில் 215 கிலோ குறையும், பின்னால் 695 கூடும். செலவும் அதிகமில்லை. கிராப்பிள் ஆர்டர் கொடுக்கும் அன்றைக்கே டிரம்மையும் வாங்கிவிடுங்கள்.

வகை விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. கிளை, முள், உண்ணிச்செடி, வேரோடு பிடுங்கிய குத்து என்றால் அடியில் திறந்த பல் வைத்த வேர்க் கிராப்பிள். மண் உதிர்ந்துவிடும், பல்லுக்குப் பல் 15 முதல் 20 செ.மீ. இடைவெளி போதும். இடிபாடு, தேங்காய் மட்டை, குப்பை கலந்தது என்றால் அடி மூடிய பக்கெட் கிராப்பிள். இது கனம் அதிகம், மண்ணையும் சேர்த்து அள்ளும். ஒரே அளவுக் கட்டை மட்டும் என்றால் குறுகிய கட்டைக் கிராப்பிள் போதும். அகலம் 1.2 முதல் 1.5 மீட்டருக்கு மேல் இந்த எச்பிக்கு வேண்டாம்.

மேல்மூடி ஒன்றா இரண்டா என்பதில் யோசிக்க இடமிருக்கிறது. ஒரு மூடி எடை குறைவு, ஹோஸ் குறைவு. ஆனால் ஒரு பக்கம் தடித்த அடிமரம், மறுபக்கம் மெல்லிய கிளை என்று வந்தால் தடித்த பக்கத்தில் மூடி முட்டி நின்றுவிடும். மெல்லிய பக்கம் பிடியில்லாமல் ஆடும். இரண்டு தனி மூடி தனித்தனியே இறங்கிப் பிடிக்கும். கலப்பு மரக் கழிவுக்கு இரண்டு மூடி. ஒரே மாதிரிக் கட்டைக்கு ஒன்று. எதுவானாலும் மூடியபின் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று தாண்டிச் செல்ல வேண்டும். பட்டறையிலேயே 5 செ.மீ. குழாய் ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். நழுவினால் கிளை வேலைக்கு அது உதவாது.

பிடிக்கும் பலத்துக்குப் பெரிய ஜாக் வேண்டும் என்பதும் தப்பு. 50 எம்எம் போர் (உள்விட்டம்) சிலிண்டர், 150 பார் அழுத்தத்தில் 3000 கிலோ அளவு தள்ளும். மூடியின் மூட்டிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் அது தள்ளுகிறது, பல் நுனி 75 செ.மீ. தள்ளி இருக்கிறது என்றால் நுனியில் 600 கிலோ பிடி. 400 கிலோ கட்டைக்கு அது தாராளம். இன்னும் பெரிய சிலிண்டர் போட்டால் கட்டை நசுங்காது, மூடியின் கைதான் வளையும், எடையும் ஏறும்.

இனி, சிலிண்டரைத் தள்ளும் ஹைட்ராலிக் எண்ணெய் எங்கிருந்து வரும் என்பது. லோடரில் ஏற்ற இறக்கத்துக்கும் பக்கெட் திருப்பவும் இரண்டு வழிதான் இருக்கும். கிராப்பிளுக்கு மூன்றாவது வழி வேண்டும். மலிவான வழி, டிராக்டரின் பின்பக்க வால்விலிருந்து ஹோஸை முன்னால் இழுப்பது. கை பின்னாலும் கண் முன்னாலும் இருக்கும், நாள் முழுக்க வேலைக்கு ஆகாது. இரண்டாவது, பக்கெட் திருப்பும் லைனில் 12 வோல்ட் டைவர்ட்டர் வால்வு. லீவர் தலையில் பட்டனை அழுத்திக்கொண்டு லீவரை அசைத்தால் கிராப்பிள் மூடும், விட்டால் பக்கெட் திரும்பும். இரண்டும் ஒரே நேரத்தில் முடியாது. வாடகை வேலைக்கு அது குறையே அல்ல. மூன்றாவது, தனி ஸ்பூல், அதாவது கிராப்பிளுக்கென்றே இன்னொரு லீவர் வால்வு சேர்ப்பது. இதில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. புது வால்விலிருந்து எண்ணெய் அடுத்த வால்வுக்கும் போக வேண்டும் என்றால் பவர் பியாண்ட் ஸ்லீவ் (அழுத்த எண்ணெயை அடுத்த வால்வுக்குத் தனி வழியில் அனுப்பும் உறை) போட்டு, டேங்குக்குத் தனி ரிட்டர்ன் லைன் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெளிவாயை அப்படியே அடுத்த வால்வோடு இணைத்தால், பின் லிஃப்ட் வேலை செய்யும்போது முழு அழுத்தமும் ரிட்டர்ன் பக்கம் ஏறி சீல் பிய்ந்துவிடும். பம்ப் போச்சு என்று கழற்றிக்கொண்டிருப்பார்கள், போனது வால்வு.

சிலிண்டரிலேயே பைலட் செக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோஸ் வெடித்தாலும் இன்ஜின் நின்றாலும் பிடி தளராமல் வைப்பது அதுதான். ஹோஸுக்கு அப்பால், லோடர் கையில் எங்கோ மாட்டியிருந்தால் பயனில்லை. ஹோஸ் போகும் பாதையில் கிளை குத்தும் இடமெல்லாம் தகடு மூடி வேண்டும். சிலிண்டர் ராடு கட்டை உரசும் இடத்தில் இருக்கக் கூடாது.

மாட்டும் இடத்தில் ஒரு சின்ன விஷயம் பெரிய தலைவலி தரும். பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ பட்டறையில் பேச்சு இஞ்சில் நடக்கும், லோடரின் அளவு எம்எம்மில் இருக்கும். ஒன்றரை இஞ்ச் பின் என்பது 38.1 எம்எம். உங்கள் லோடர் புஷ் (பின் நுழையும் வளையம்) 40 எம்எம் என்றால் கிட்டத்தட்ட 2 எம்எம் ஆட்டம். மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் 25 செ.மீ. இடைவெளி, பல் நுனி 90 செ.மீ. முன்னால், அந்த ஆட்டம் நுனியில் ஏழு எம்எம் ஆகும். ஒவ்வொரு குலுக்கலிலும் புஷ் முட்டை வடிவத்தில் அடி வாங்கும். பின் விட்டம், பின்னுக்குப் பின் மையத் தூரம், காதுகளின் உள் அகலம் மூன்றையும் வெர்னியரில் எடுத்து எம்எம்மில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். மூடி மூட்டில் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் இருக்க வேண்டும். வெறும் துளையில் போல்ட் போட்டுத் தருவதை வாங்காதீர்கள்.

கிராப்பிள் பிடுங்கும் கருவி அல்ல. வேர்க்கட்டையை ஜேசிபியின் பின் கையால் தோண்டிப் புரட்டிய பிறகு அள்ளத்தான் இது. ஓரப் பல்லைக் கொடுத்து நெம்பினால் லோடர் கை முறுக்கிக்கொள்ளும். பல்லைக் கீழே குத்தி, சிலிண்டர் முழுக்க நீண்ட நிலையில் ரிவர்ஸில் இழுத்தால் ராடு வளையும். வளைந்த ராடு சீலைத் தின்றுவிடும்.

கட்டையோடு ஓடும்போது தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் போதும். உயரத் தூக்கி, பின்பக்கம் சாய்த்தால் உருண்டைக் கட்டை லோடர் கை வழியாக ஓட்டுநர் மடிக்கு உருண்டு வரும். உயிர் போகும் விபத்து இது. டிரைவருக்கு முன்னால் கம்பித் தடுப்பும், டிராக்டர் கவிழ்ந்தால் காக்கும் உருளல் தடுப்புச் சட்டமும், சீட் பெல்ட்டும் வேண்டும். மேலே கையும் திறந்த மூடியும் சேர்ந்து 4 மீட்டர் தாண்டும். பெங்களூர்த் தெருவில் இன்டர்நெட் கேபிள்தானே என்று நினைப்பதற்குள் அது மின்கம்பியாக இருக்கும். மழையில் சாய்ந்த மரத்தில் கம்பி சிக்கியிருந்தால் பெஸ்காம் 1912-க்குச் சொல்லி லைன் நிறுத்தியதை உறுதிசெய்த பிறகே கிட்டே போகவேண்டும்.

முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா சிலிண்டரையும் உள்ளே இழுத்து வைத்து ஆயில் அளவு பாருங்கள், போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பல்லின் அடி வெல்டிங்கைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை விரிசல் முதலில் அங்கேதான் வரும். ஹோஸில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள், அட்டையைக் காட்டிப் பாருங்கள். 150 பாரில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். மேலே ஒரு முள் குத்தின தழும்பு போலத்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டி வேலையைத் தொடராமல், ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, அன்றைக்கே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.