சத்தமே இல்லாமல் மூழ்குவது எப்படி?

"ஆப்பிரிக்கக் கிராமங்களில் விபத்துச் சாவு என்றால் சாலை விபத்து, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது, இவ்வளவுதானே?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இவையெல்லாம் உண்டுதான். ஆனால் 'நீரில் மூழ்கி', 'தீக்காயத்தால்' என்று எழுதிவிட்டு மூடப்படும் சாவுகளில் சிலவற்றுக்குப் பின்னால் வலிப்பு நோய் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாஹிலியில் அதன் பெயர் 'கிஃபாஃபா'.

தான்சானியாவின் மஹெங்கே மலைப்பகுதியில், நார்வேயில் பிறந்த மருத்துவர் லூயிஸ் யிலெக்-ஆல் 1960களில் வலிப்பு நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். அங்கே வந்த 164 பேரின் 30 ஆண்டுக் கதை 1992இல் வெளியானது. பாதிக்கு மேல் இறந்துபோயிருந்தார்கள். வலிப்பு நிற்காமலே இறந்தவர்களோடு, ஆற்றில் மூழ்கியவர்களும் அடுப்புத் தீயில் விழுந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

தீயின் கதை எளிது. தரையில் மூன்று கல், நடுவே விறகு. சூடு பட்டால் கையை வெடுக்கென்று இழுக்கத் தண்டுவடம் போதும். தீயிலிருந்து எழுந்து விலக மூளை வேண்டும். வலிப்பு முடிந்த பிறகும் சில நிமிடங்களுக்கு அது வேலைக்கு வராது.

தண்ணீரில் நடப்பதுதான் எனக்கு எப்போதும் வியப்பு. வலிப்பு தொடங்கும்போது உடலின் தசைகளெல்லாம் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. மார்பும் வயிறும் பிழியப்பட்டு, இறுகிய குரல்நாண் வழியாகக் காற்று பீறிடுகிறது. கரையில் விழுபவரிடம் கேட்கும் அந்த ஓலம் வலியால் வருவதல்ல. துருத்தியை அழுத்தினால் வரும் சத்தம் மாதிரி. அதைப் பேயின் குரல் என்று நடுங்குபவர்கள் உண்டு.

இப்போது ஆர்க்கிமிடீஸைக் கூப்பிடுவோம். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டால் மிதக்கிறோம், ஆனால் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசத்தில்தான். நுரையீரலிலிருந்து 2 லிட்டர் காற்று போனால் உடலின் பருமன் 2 லிட்டர் சுருங்கும். தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்ததில் 2 கிலோ போச்சு. மிதந்த உடல் கல்லாகிவிடுகிறது. கையை வீசித் தத்தளிக்க நினைவில்லை, கத்தக் காற்றில்லை. வலிப்பு ஓய்ந்ததும் உடல் தானாகவே ஓர் ஆழ்ந்த மூச்சு இழுக்கும். கரையில் உயிர் காக்கும் அதே மூச்சு, நீருக்கடியில் நுரையீரலைத் தண்ணீரால் நிரப்புகிறது. பத்தடி தள்ளித் துணி துவைப்பவருக்கு ஒன்றுமே கேட்காமல் போகலாம். நீச்சல் தெரிந்திருந்தாலும் இதேதான்.

தீயில் விழுந்தவரை இழுக்கத் தயங்குவதும் நடக்கிறது. வாயில் வரும் நுரை பட்டால் நோய் தொற்றும் என்ற நம்பிக்கை ஆப்பிரிக்காவின் பல இடங்களில் இருக்கிறது. தொற்றவே தொற்றாது. நாம் சிரிக்க வேண்டாம். இங்கே இன்னும் கையில் சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாக நிற்கும், பெயர் மட்டும் சாவிக்குப் போகும்.

வலிப்பைக் கட்டுப்படுத்தும் ஃபீனோபார்பிட்டால் 1912 முதல் புழக்கத்தில் உள்ள மருந்து. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 டாலர் அளவில் சிகிச்சை தர முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் ஏழை நாடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேலான நோயாளிகளுக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை. புது மருந்து தேடக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை இந்தப் பழைய மாத்திரையை மலையேற்றவும் செலவிடலாம் என்பது என் கட்சி.

இன்னொரு சங்கதி. மஹெங்கே போன்ற இடங்களில் வலிப்பு இவ்வளவு அதிகமாக இருப்பதற்கும் ஆற்றுக்குமே தொடர்பு உண்டு. வேகமாக ஓடும் நீரில் வளரும் கருப்பு ஈ, ஆற்றுக்குருடு என்ற நோயின் புழுவைப் பரப்புகிறது. அந்த நோய் மிகுந்த ஊர்களில் வலிப்பும் மிகுதி. பிள்ளைகளுக்குத் தலை ஆடிக்கொண்டே இருக்கும் ஒருவகை வலிப்பும் அங்கே வருகிறது. வடக்கு உகாண்டாவில் ஆறுகளில் ஈயின் இளம்புழுக்களைக் கொன்று, ஐவர்மெக்டின் மாத்திரையும் கொடுத்து வந்தார்கள். அதன் பிறகு அந்தத் தலையாட்டு நோய் புதிதாக வருவது ஏறக்குறைய நின்றேபோனது.