மூங்கில் கைப்பிடி, நைலான் இழை

பிளாஸ்டிக் வேண்டாம் என்று முடிவெடுத்து மூங்கில் பிரஷ் வாங்குபவர், பெரும்பாலும் கைப்பிடியை மட்டுமே மாற்றியிருக்கிறார். பல்லைத் தேய்க்கும் இழைகள் அநேகமாக நைலான்தான். பெட்டியின் மேல் பச்சை இலை பெரிதாக வரையப்பட்டிருக்கும். இழை எதனால் ஆனது என்ற விவரம் பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. மாற்று தேடுபவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

சாதாரண பிரஷ் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் சிக்கல் புரியும். கைப்பிடி பாலிபுரொப்பிலீன். விரல் வழுக்காமல் இருக்க அதன்மேல் ரப்பர் போன்ற இன்னொரு பிளாஸ்டிக். இழைகள் நைலான். ஒவ்வொரு இழைக்கொத்தையும் இரண்டாக மடித்துத் துளைக்குள் இறுக்கிப் பிடித்திருப்பது பொடிப்பொடியான உலோகத் துண்டு. இவ்வளவும் 20 கிராம் அளவேயான ஒரு பொருளில் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. மறுசுழற்சி ஆலையின் சல்லடைகளில் இவ்வளவு சிறிய பொருள் நழுவி விழுந்துவிடும். நழுவாமல் தங்கினாலும் பிரித்தெடுக்கும் செலவு கட்டுப்படியாகாது. கடலுக்குப் போனால் கைப்பிடி மிதக்கும், ஏனெனில் பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. உதிர்ந்த நைலான் இழையோ மூழ்கிவிடும். கரையில் ஒதுங்கும் கைப்பிடிகளை நாம் பார்க்கிறோம், இழைகளைப் பார்ப்பதில்லை.

இழையில் ஏன் நைலானை விட முடியவில்லை? 1938க்கு முன் பிரஷ்களில் பன்றி முடிதான் இருந்தது. அது நீரை உறிஞ்சி மெதுவாகக் காயும். ஈரத்தில் பாக்டீரியா தங்கும். டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் உருவாக்கிய நைலான், காலுறையாக மாறுவதற்கு முன்பே பிரஷ் இழையாகத்தான் கடைக்கு வந்தது. நைலான் என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி. அதில் இடைவெளி விட்டு அமைடு என்ற தொகுதிகள் இருக்கின்றன. அருகருகே கிடக்கும் சங்கிலிகளின் அமைடுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனே உள்ள இழை, ஆயிரக்கணக்கான முறை வளைந்தும் திரும்ப நிமிர்வது இந்தப் பற்றுதலால்தான்.

ஆனால் நீர் மூலக்கூறுக்கும் அமைடு பிடிக்கும். அது சங்கிலிகளுக்கு இடையே புகுந்தால் பிடி தளர்ந்து இழை துவண்டுபோகும். இதனால்தான் நல்ல பிரஷ்களில் நைலான் 6,12 என்ற வகையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் அமைடுகள் அதிக இடைவெளியில் இருப்பதால் நீர் குறைவாகவே ஏறும். நீரை அண்டவிடாத இந்தக் கட்டமைப்புதான் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களின் நொதிகளையும் அண்டவிடுவதில்லை. பல்லுக்கு நல்லது செய்யும் அதே குணத்தால் அந்த இழை மண்ணில் மக்காமல் கிடக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் விளம்பர வாசகங்களை எடைபோடுவது எளிது.

ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த இழை என்பதை எடுத்துக்கொள்வோம். அந்த எண்ணெயிலிருந்து செபாசிக் அமிலம் கிடைக்கிறது, அதிலிருந்து நைலான் 6,10 செய்கிறார்கள். அதன் கார்பனில் ஏறக்குறைய 60 சதவீதம் செடியிலிருந்து வந்தது. பெட்ரோலியத் தேவை அந்த அளவுக்குக் குறைவது உண்மையான ஆதாயம்; அதை நான் மதிக்கிறேன். ஆயினும் கடைசியில் கிடைப்பது நைலான்தான், அது மக்காது. சோள மாவுக் கைப்பிடி என்று விற்கப்படும் பாலிலாக்டிக் அமிலம் மக்கக்கூடியதே, ஆனால் அதற்குத் தொழில்முறை உர ஆலையின் 58 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பம் வேண்டும். தோட்டத்து உரக்குழியில் அது பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

மூங்கிலின் பெருமையில் பொய் இல்லை. அது புல் இனம். வெட்டினாலும் நிலத்தடித் தண்டிலிருந்து மீண்டும் முளைக்கிறது, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடுகிறது. ஈரத்தை உறிஞ்சுவதுதான் அதன் குறை. பயன்படுத்தியதும் உதறிவிட்டு, காற்றுப் படும்படி நிறுத்திவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

எது உண்மையில் குறைந்த பாதிப்பு என்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வெளியானது. சாதாரண பிளாஸ்டிக், தலை மாற்றும் (கைப்பிடியை வைத்துக்கொண்டு இழையுள்ள தலைப்பகுதியை மட்டும் மாற்றும்) பிளாஸ்டிக், மூங்கில், தலை மாற்றும் மின்சார பிரஷ் ஆகிய நான்கையும் ஒருவர் ஐந்து ஆண்டுகள் பயன்படுத்தினால் என்னவாகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பருவநிலைப் பாதிப்பில் மின்சார பிரஷ் மூங்கிலைப்போல் 11 மடங்கு. மூங்கிலும் தலை மாற்றும் பிளாஸ்டிக்கும் சாதாரண பிரஷைவிட நன்றாகவே தேறின. அதே சமயம், எல்லோரும் மூங்கிலுக்கு மாறினால் அதை வளர்க்க வேண்டிய நிலத்தையும் நினைக்க வேண்டும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

எனக்கு அந்த முடிவில் முக்கியமாகப் படுவது தலை மாற்றும் பிரஷ். பிரஷின் எடையில் பெரும்பகுதி கைப்பிடி. தேய்ந்துபோவதோ இழைகள் மட்டும். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை இழைக்காகக் கைப்பிடியையும் சேர்த்து எறிவது வீண். அலுமினியம் போன்ற உறுதியான கைப்பிடியைப் பல ஆண்டுகள் வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றினால், குப்பைக்குப் போகும் பொருள் சில கிராம்களாகச் சுருங்குகிறது. பொருந்தும் தலைகள் தொடர்ந்து கிடைக்குமா என்பதை மட்டும் வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும். மின்சார பிரஷ் ஏற்கெனவே கையில் இருந்தால் அது பழுதாகும் வரை பயன்படுத்துவதே சரி. நல்ல நிலையில் உள்ளதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூங்கில் வாங்குவதால் யாருக்கும் லாபமில்லை. இழைகள் விரிந்த பிரஷைச் சிக்கனம் என்று நீட்டிக்கவும் வேண்டாம், அது பல்லின் கறைப்படலத்தைச் சரியாக எடுக்காது.

மூங்கில் பிரஷ் வைத்திருப்பவர் அதை எறியும்முன் இடுக்கியால் இழைக்கொத்துகளைப் பிடுங்கிவிட வேண்டும். கூடவே உலோகத் துண்டுகளும் வந்துவிடும். பிடுங்க வராவிட்டால் தலைப்பகுதியை அறுத்தெடுத்தால் போதும். இழைகள் குப்பைக்கு, கைப்பிடி உரக்குழிக்கு. துண்டு துண்டாக நறுக்கிப் போட்டால் கைப்பிடி விரைவில் மக்கும்.