ஷட் டவுன் குடுத்தா விண்டோஸ் முழுசா ஆஃப் ஆயிடுச்சுன்னு நம்பாதீங்க

இந்த மாசமும் அதே கேஸ் சர்வீஸ் டேபிளுக்கு வந்துடுச்சு. பிஎச்டி படிக்கிற பொண்ணு, ஒரே லேப்டாப்ல விண்டோஸும் உபுண்டுவும்னு ரெண்டு ஓஎஸ் (ஆபரேட்டிங் சிஸ்டம்). விண்டோஸ்ல ஷட் டவுன் குடுத்துட்டு உபுண்டுக்குள்ள போனா டி டிரைவ் திறக்கல, எர்ரர் வருது. யாரோ நெட்ல எழுதியிருந்தாங்கன்னு விண்டோஸ் டிரைவ சரி பண்ற என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்னு ஒரு டூல ஓட்டி டிரைவ திறந்து, தீசிஸ் சேப்டர் ரெண்டு அதுல போட்டு வச்சிருக்காங்க. மறுநாள் விண்டோஸ்ல பார்த்தா அந்த ஃபோல்டரே இல்ல, பக்கத்துல இருந்த பழைய ஃபைலும் சிலது திறக்க மாட்டேங்குது. "அண்ணா, நான் ஒழுங்கா ஷட் டவுன் பண்ணேன்ணா"ன்னு கண்ணு கலங்கி நிக்கிறாங்க.

அவங்க பொய் சொல்லல, அதான் வயித்தெரிச்சலா இருக்கு. 2012ல விண்டோஸ் 8 வந்ததுல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, பெரும்பாலான லேப்டாப்ல ஆன்லயே தான் வருது. நீங்க ஷட் டவுன் அமுக்கினா ப்ரோக்ராம் எல்லாத்தையும் மூடும், உங்கள லாக் அவுட் பண்ணும், அதுவரைக்கும் சரி. ஆனா விண்டோஸோட மையமான கெர்னல், ஹார்ட்வேர ஓட்டற டிரைவர் எல்லாம் இருக்கற நிலைய அப்படியே சி டிரைவ்ல ஹைபர்ஃபில்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சிடும். ஃபேன் நின்னுச்சு, லைட் அணைஞ்சுச்சு, கதை முடிஞ்சுதுன்னு நீங்க நினைக்கிறீங்க, அது பாதி ஹைபர்னேட்ல இருக்கு, அதாவது நிலைய டிஸ்க்ல எழுதிட்டு தூங்குது. திரும்ப ஆன் பண்ணா அந்த ஃபைல படிச்சு விட்ட இடத்துல இருந்து எந்திரிக்கும். ரீஸ்டார்ட் குடுத்தா தான் எல்லாம் புதுசா லோடு ஆகும். "தினமும் ஆஃப் பண்றேன், அப்படியும் ஸ்லோவா இருக்கு"ன்னு வர்றவங்க டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், சிபியு போய் அப் டைம் (எவ்வளவு நேரமா ஓடுதுங்கற கணக்கு) பாருங்க, நாள் கணக்குல ஓடிட்டு இருக்கும்.

இந்தத் தூக்கத்துக்கு ஒரு உதாரணம் சொல்றேன். அலாஸ்கால ஆர்க்டிக் தரை அணில்னு ஒண்ணு இருக்கு, குளிர்காலத் தூக்கத்துல உடம்பு சூடு மைனஸ் 2.9 டிகிரி வரைக்கும் இறங்கும். தொட்டுப் பார்த்தா செத்துப் போச்சுன்னு தான் சொல்லுவோம், ஆனா ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா தானா சூடாகி முழிச்சிட்டு மறுபடி தூங்கும், சேர்த்து வச்ச கொழுப்புல பெரும்பங்கு அந்த முழிப்புக்கே போயிடும். அமெரிக்கால 2006ல நியூயார்க் பக்கம் முதல்ல தெரிஞ்ச வெள்ளை மூக்கு நோய்ல லட்சக்கணக்கான வௌவால் செத்தது இந்த மாதிரி தான், மூக்குலயும் றெக்கையிலயும் பூஞ்சை பிடிச்சு அடிக்கடி முழிச்சு, வசந்தம் வர்றதுக்குள்ள கொழுப்பு தீர்ந்து போச்சு. தூங்கறத செத்ததா நினைச்சு கை வைக்கக் கூடாது, டிஸ்க்கும் அப்படித்தான். விண்டோஸ் தூங்கும்போது எந்த ஃபைல் எங்க இருக்குன்னு ஒரு கணக்கு ஞாபகத்துல வச்சிருக்கு, நடுவுல உபுண்டு வந்து டிஸ்க்க மாத்தினது அதுக்குத் தெரியாது, எந்திரிச்சு பழைய கணக்கையே மேல எழுதிடும்.

ரெண்டு ஓஎஸ் வச்சிருக்கீங்களா, இன்னைக்கே கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சூஸ் வாட் தி பவர் பட்டன்ஸ் டூ போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்க எடுங்க. ஹைபர்னேட் குடுத்துட்டும் அடுத்த ஓஎஸ்க்கு தாவாதீங்க. ரேம் மாத்தறதுக்கு, டிஸ்க்க கழட்டி வேற சிஸ்டத்துல போடறதுக்கு முன்னாடி ஷிஃப்ட்ட அமுக்கிப் பிடிச்சிட்டே ஷட் டவுன் குடுங்க, அது தான் முழு ஆஃப்.

ஹைபர்னேட் கெட்டதுன்னு நான் சொல்லல. மூடிய மட்டும் மூடி பைக்குள்ள திணிக்கிறீங்களே, அது வெறும் ஸ்லீப் (கரண்ட் எடுத்துக்கிட்டே தூங்கறது), புது லேப்டாப் பலது உள்ளயே முழிச்சு அடுப்பு மாதிரி கொதிக்குது. பயணத்துக்கு ஹைபர்னேட் போடுங்க.

உபுண்டு "அன்சேஃப் ஸ்டேட்"னு எர்ரர் காட்டினா தயவுசெஞ்சு நின்னு படிங்க, விண்டோஸுக்குள்ள போய் முழுசா மூடிட்டு வான்னு அதுலயே எழுதியிருக்கு. ஃபைல் காணாம போயிட்டா அந்த டிரைவ்ல ஒண்ணும் காப்பி பண்ணாதீங்க, டிஸ்க்க சரிபார்க்கற செக்டிஸ்க்கும் ஓட்டாதீங்க, மெஷின அப்படியே ஆஃப் பண்ணி எடுத்துட்டு வாங்க.