ஐந்தாம்படை என்றால் யார்?

ஒரு நாட்டுக்குள்ளேயோ இயக்கத்துக்குள்ளேயோ இருந்துகொண்டு, வெளியே நிற்கும் எதிரிக்காக மறைவாக வேலை செய்கிறவர்களுக்கு ஐந்தாம்படை என்று பெயர். உளவு சொல்வது, வதந்தி பரப்புவது, பாலத்தைத் தகர்ப்பது, நேரம் வந்ததும் உள்ளிருந்து கதவைத் திறந்துவிடுவது எல்லாம் அவர்கள் வேலை. அகராதிப் பொருள் இவ்வளவுதான். மேடையில் இந்தச் சொல் விழும்போது அது இன்னும் அகன்றுவிடுகிறது. தலைமையைக் கேள்வி கேட்டவர், கூட்டத்தில் மாற்றிக் கை தூக்கியவர், 'இந்தச் சண்டையை நிறுத்துங்கள்' என்றவர், எல்லோருமே 'ஐந்தாம்படை வேலை' பார்க்கிறவர்கள் ஆகிவிடுகிறார்கள். காலப்போக்கில் பொருள் திரிந்து இப்படி ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சொல் பிறந்த ஓராண்டுக்குள்ளேயே இது நடந்துவிட்டது.

தமிழ்க் காதுக்கு இது நம் பழஞ்சொல் போலவே ஒலிக்கும். தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படையை எண்ணிப் பழகியவர்கள் நாம். நான்குக்கு அப்புறம் ஐந்து வருவது இயல்புதானே என்று தோன்றும். ஆனால் அந்த நான்குக்கும் இந்த ஐந்துக்கும் தொடர்பில்லை. குழந்தைக்குக் கட்டும் ஐம்படைத்தாலியோடும் தொடர்பில்லை. அங்கே படை என்பது ஆயுதம், திருமாலின் ஐந்து ஆயுதங்கள். ஐந்தாம்படை பிறந்த இடம் ஸ்பெயின், ஆண்டு 1936.

அந்த ஜூலையில் ஸ்பெயின் குடியரசை எதிர்த்துத் தளபதிகள் கிளம்பினார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. சதித்திட்டத்தை வகுத்தவர்களில் முக்கியமானவர் எமிலியோ மொலா என்ற தளபதி. படைகள் தலைநகர் மாட்ரிட்டை நெருங்கிக்கொண்டிருந்தபோது, நான்கு அணிகள் நகரை நோக்கி வருவதாகவும், ஐந்தாவது அணி நகருக்குள்ளேயே காத்திருப்பதாகவும் அவர் சொன்னதாகப் பேச்சு பரவியது. அதே பேச்சை, கிளர்ச்சித் தரப்பின் தலைவரான பிராங்கோ உள்ளிட்ட வேறு தளபதிகளின் பெயரிலும் ஏற்றிச் சொல்கிறார்கள். மொலாவின் வாயிலிருந்து அது எப்போது, எந்தச் சொற்களில் வந்தது என்பதற்கு நேரடிப் பதிவு கிடையாது.

பதிவு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. 1936 அக்டோபர் 3 அன்று வந்த 'முந்தோ ஒப்ரேரோ' என்ற கம்யூனிஸ்ட் நாளிதழில், கட்சித் தலைவர்களில் ஒருவரான டொலோரஸ் இபாருரி இந்தப் பேச்சை எடுத்துக்காட்டி, உள்ளே இருக்கும் ஐந்தாவது அணியை முறியடிக்க வேண்டும் என்று எழுதினார். இது என்னை எப்போதும் உலுக்கும் செய்தி. தளபதி மிரட்டலாகச் சொன்னதாகப் பரவியதை எடுத்து அச்சிட்டு ஊரெங்கும் கொண்டுசேர்த்தது, யாரை மிரட்டினார்களோ அந்தத் தரப்பே.

ஸ்பானிய மூலம் 'கின்தா கொலும்னா'. கொலும்னா லத்தீனிலிருந்து வந்தது; அங்கே அதற்குத் தூண் என்று பொருள். தூண்போல நீண்டு நிற்பதால் செய்தித்தாளின் பத்திக்கும், சாலையில் நீளமாக நடந்து வரும் படைவரிசைக்கும் அதே பெயர் வந்தது. அந்தக் கடைசிப் பொருளைத்தான் தமிழில் 'படை' என்று எடுத்துக்கொண்டோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'ஐந்தாம் அணி' என்றுதான் வந்திருக்கும். 'படை' என்று வைத்தபோது, தமிழில் நாற்படை தந்த பழக்கமும் சேர்ந்து, சொல்லுக்கு மூலத்தில் இல்லாத ஒரு கம்பீரம் வந்துவிட்டது. சீருடையும் கொடியும் இல்லாத, யார் என்றே தெரியாத ஆட்களைப் பெரிய சேனைபோல நினைக்க வைக்கிற கம்பீரம்.

இனி அந்தச் சொல் செய்த வேலையைப் பார்ப்போம். 1936 நவம்பரில் மாட்ரிட் முற்றுகை தொடங்கியது. நகரச் சிறைகளில் ஆயிரக்கணக்கான கைதிகள். எதிரி நகருக்குள் புகுந்தால் இவர்கள்தான் ஐந்தாம்படையாக மாறுவார்கள் என்ற அச்சம். சிறைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக அவர்களை வெளியே கொண்டுபோய், பரக்குவெல்லோஸ் என்ற ஊரருகே சுட்டுப் புதைத்தார்கள். 2,000 பேருக்கு மேல் என்பது வரலாற்றாய்வாளர்கள் பலரின் கணிப்பு.

இதைத் தடுத்து நிறுத்தியவரும் குடியரசின் பக்கத்து ஆள்தான். மெல்சோர் ரொத்ரிகெஸ், ஒரு காலத்தில் காளைச் சண்டை வீரர், அப்புறம் அரசே வேண்டாம் என்கிற அராஜகவாதத் தொழிற்சங்கக்காரர். சிறைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. தன் அனுமதி இல்லாமல் இரவில் எந்தக் கைதியையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு போட்டார். டிசம்பர் 8 அன்று அல்கலா தே ஏனாரெஸ் என்ற ஊரில் எதிரி விமானங்கள் குண்டு போட்டன. கொதித்த கூட்டம் ஆயுதங்களோடு சிறைக்குள் புகுந்தது. இரண்டு நாள் முன்பு குவாதலஹாராவில் இதேபோல் புகுந்த கூட்டம் கைதிகளைக் கொன்று குவித்திருந்தது. ரொத்ரிகெஸ் கூட்டத்தின் முன்னால் போய் நின்று, மணிக்கணக்காக வாதாடி, திட்டும் மிரட்டலும் வாங்கி, அவர்களைத் திருப்பி அனுப்பினார். உள்ளே சுமார் 1,500 கைதிகள் இருந்தார்கள். தன் தரப்பு ஆட்களே அவரைச் சந்தேகித்தார்கள். பாசிஸ்டுகளைக் காப்பாற்றுகிறவன் வேறு யாராக இருக்க முடியும்? போர் முடிந்ததும் பிராங்கோ அரசு அவரைப் பிடித்துச் சிறையில் போட்டது. அவர் காப்பாற்றிய முன்னாள் கைதிகளில் ஒருவரான தளபதி முன்யோஸ் கிராந்தெஸ் விசாரணையில் அவருக்காகப் பேசினார்.

அதே அல்கலா ஊருக்கு 1937 ஜூனில் இன்னொரு கைதியைக் கொண்டுவந்தார்கள். ஆந்த்ரேவ் நின், பூம் என்ற சிறிய மார்க்சியக் கட்சியின் தலைவர். பிராங்கோவை எதிர்த்த கட்சிதான் அது. ஆனால் ஸ்டாலினையும், தன் பழைய தோழர்கள் மீதே அவர் நடத்திய மாஸ்கோ வழக்குகளையும் வெளிப்படையாகக் கண்டித்தது. மே மாதம் பார்சலோனாத் தெருக்களில் குடியரசுத் தரப்பே இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டபோது, பழி பூம் மீது விழுந்தது. 'பிராங்கோவின் ஐந்தாம்படை' என்று கம்யூனிஸ்ட் ஏடுகள் எழுதின. பிடிபட்ட ஒரு மாட்ரிட் வரைபடத்தின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதி 'என்' என்ற எழுத்தோடு முடியும் செய்தி ஒன்றைச் சான்றாகக் காட்டினார்கள். அது போலி. நின்னை சோவியத் உளவுத்துறை ஆட்கள் சித்திரவதை செய்து கொன்றார்கள். உடல் கிடைக்கவில்லை. 'நின் எங்கே?' என்று சுவர்களில் எழுதினார்கள் தோழர்கள். அதன் கீழேயே 'சலமான்காவிலோ பெர்லினிலோ' என்று பதில் எழுதப்பட்டது. சலமான்கா பிராங்கோவின் தலைமையகம். கொன்ற பிறகும் அவரை எதிரியின் ஊரில் குடிவைத்த பதில் அது. அடுத்த ஆண்டு பூம் தலைவர்கள் மீது நடந்த வழக்கில், அவர்கள் உளவாளிகள் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை.

சலமான்காவிலும் நிலைமை வேறாக இல்லை. அங்கே பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த மிகேல் தே உனமூனோ முதலில் தளபதிகளை ஆதரித்தவர். 1936 அக்டோபர் 12 விழாவில் பிராங்கோவின் மனைவி முன்னிலையிலேயே எழுந்து மறுத்துப் பேசினார். சிறையில் கிடந்த நண்பரின் மனைவி உதவி கேட்டு எழுதிய கடிதத்தின் பின்பக்கத்தில்தான் அந்தப் பேச்சுக்கான அவருடைய குறிப்புகள் இருக்கின்றன. பதவி போயிற்று. வீட்டை விட்டு வெளியே போக முடியாத நிலையில் அந்த டிசம்பர் 31 அன்று இறந்தார்.

சரி, அப்படியானால் ஐந்தாம்படை வெறும் கற்பனையா? இல்லை. மாட்ரிட்டில் பிராங்கோவின் மறைமுக ஆட்கள் உண்மையிலேயே இருந்தார்கள். போர் நீள நீள அவர்கள் வலுப்பட்டார்கள். 1939 மார்ச்சில் குடியரசு அரசைக் கவிழ்த்த கர்னல் கசாதோ அவர்களோடு தொடர்பு வைத்திருந்தார். மார்ச் 28 அன்று பிராங்கோ படை நகருக்குள் வந்தபோது ஒளிந்திருந்தவர்கள் கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். உற்றுப் பார்க்க வேண்டியது இங்கேதான். கடைசியில் வழி திறந்தது நம்பிக்கைக்குரிய உயர்பதவியில் இருந்த ஓர் இராணுவ அதிகாரி மூலமாக. ஐந்தாம்படை என்று வேட்டையாடப்பட்ட பூம் கட்சிக்கு அதில் பங்கில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்தச் சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனது. 1942இல் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தபோதும் இதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

இனி தமிழ்ச் சொல். 'ஐந்தாம்படை' தமிழ்ச் சொற்களால் ஆனதுதான், ஆனால் மொழிபெயர்ப்பு. அதன் கருத்துக்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருக்கிறது: உட்பகை. திருக்குறளில் 89ஆம் அதிகாரத்தின் பெயரே அதுதான். 'வாள்போல் பகைவரை அஞ்சற்க அஞ்சுக, கேள்போல் பகைவர் தொடர்பு' என்கிறது 882ஆம் குறள். வாளோடு வருகிறவனுக்கு அஞ்ச வேண்டாம், உறவுபோல நடிக்கிற பகைவனுக்கு அஞ்சு. மாட்ரிட் மக்களின் அச்சம் அப்படியே இதில் இருக்கிறது. நாட்டுக்கு இலக்கணம் சொல்லும் 735ஆம் குறளிலும் 'பாழ்செய்யும் உட்பகை' வருகிறது.

அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை' குடிசைக்குள் பாம்போடு வாழ்வது போன்றது என்கிறாரே வள்ளுவர், உடன்படாதவர் எல்லோரும் பாம்புதானே? அங்கே உடம்பாடு என்பது மனப்பொருத்தம். உள்ளே பகையும் வெளியே உறவுமாக இருப்பவரைத்தான் அதிகாரம் முழுக்கப் பேசுகிறது. வெளிப்படையாக முகத்துக்கு நேரே மறுப்பவருக்கு வள்ளுவர் தனி இடமே வைத்திருக்கிறார், 45ஆம் அதிகாரத்தில். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்.' இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுக்க எவரும் இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான். உட்பகை வேறு, இடித்துரை வேறு. ஐந்தாம்படை என்ற ஒரே சாக்கில் இரண்டையும் போட்டுக் கட்டியதுதான் கேடு.

நம் பழைய உள்நாட்டுப் போர் ஒன்றிலும் இந்தக் குழப்பம் ஓர் உயிரைப் பறிக்கப் பார்த்தது. சோழர் குடியில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் போர். நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்ற புலவர் உறையூருக்குள் வருகிறார். 'ஒற்று வந்தான்' என்று நெடுங்கிள்ளி அவரைக் கொல்லப் போகிறான். அப்போது கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 47ஆம் பாட்டு. பறவைபோலப் பல வழி கடந்து, வள்ளல்களை நாடிப் பாடி, கிடைத்ததை உண்டு, மிச்சம் வைக்காமல் பிறருக்குக் கொடுக்கும் இந்த வாழ்க்கை 'பிறர்க்குத் தீதறிந் தன்றோ?', பிறருக்குத் தீங்கு செய்ய அறியுமா, என்று கேட்கிறார். தத்தன் பிழைத்தார். அதே கோவூர்கிழார் 45ஆம் பாட்டில் இரு தரப்பையும் பார்த்துச் சொன்னது இன்னும் துணிச்சலானது. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை, இருவர் தலையிலும் சோழரின் ஆத்திமாலைதான். 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும்குடியே.' உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். போர் நடக்கும்போது, முற்றுகைக்குள், இதைச் சொல்ல முடிந்திருக்கிறது.

ஈழப் போரில் இந்த இடத்தை ஐந்தாம்படையை விட 'துரோகி' என்ற வடசொல்லே பிடித்துக்கொண்டது. சிங்களத்திலும் அதே வேர்தான், 'துரோகியா'. 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கை இராணுவம், இந்திய அமைதிப்படை, விடுதலைப் புலிகள் என எல்லோருடைய அத்துமீறல்களையும் பதிவு செய்தவர் அவர். கொலைக்குப் புலிகளே பொறுப்பு என்று பரவலாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது. தெற்கில் அரசின் போரைக் கேள்வி கேட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்டார். அவர்கள் செய்தது இடித்துரை.

அந்தப் போரில் வாழ்ந்த மக்களிடம் துல்லியமான சொற்கள் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். சுற்றிவளைப்பின்போது முகத்தை மூடி உட்கார வைக்கப்பட்டு, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையசைத்துக் காட்டிக்கொடுத்தவருக்குப் பெயர் 'தலையாட்டி'. அது ஒரு செயலை மட்டும் குறிக்கும். கருத்து சொன்னவர்மீது ஒட்டாது.

எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். தகவல் திருடுகிறவர் ஒற்றர். ஆளைக் காட்டிக்கொடுப்பவர் ஆட்காட்டி. நம்பியவரைக் கைவிட்டு எதிரியோடு சேர்ந்தவருக்கு, துரோகி என்பதற்குப் பதிலாக இரண்டகர் என்ற நல்ல சொல் இருக்கிறது. உள்ளிருந்து எதிரிக்காக இயங்கும் கூட்டம் உட்பகை. தன் தரப்பின் தவறை வெளிப்படையாகச் சொல்கிறவரை இடித்துரைப்பவர் என்றோ மாற்றுக்கருத்தாளர் என்றோ எழுதலாம். ஸ்பெயின் போரைப் பற்றி எழுதும்போது ஐந்தாம்படை என்றே வைத்துக்கொள்ளலாம், அது வரலாற்றுப் பெயர். ஆட்களைக் குறிக்கும்போது ஐந்தாம்படையினர்.