யூஷோ: இந்த வார்த்தைக்கு தமிழ்ல என்ன எழுதலாம்?

யூஷோ ஜப்பானிய வார்த்தை, 1968ல விஷம் கலந்த சமையல் எண்ணெய சாப்பிட்ட ஜனங்களுக்கு அங்க வந்த நோயோட பேரு. யூ-ன்னா எண்ணெய், ஷோ-ன்னா நோய், ரெண்டும் சேந்தா எண்ணெய் நோய், அவ்ளோதான். இதே ரெண்டு எழுத்த தைவான்காரங்க யூ-செங்னு படிப்பாங்க, அங்கயும் 1979ல இதே கூத்து நடந்துச்சு.

அப்ப எண்ணெய் நோய்னே போட்டுடலாமேன்னா, அர்த்தம் சரிதான், ஆனா நம்மாளு படிச்சா பஜ்ஜி போண்டா தின்னு கொலஸ்ட்ரால் ஏறுற சமாச்சாரம்னு நெனச்சிட்டு போயிடுவாரு. கோளாறு எண்ணெய்ல இல்ல, அதுல கலந்த பிசிபில. பாலிகுளோரினேட்டட் பைஃபினைல்ங்கிறதோட சுருக்கம் அது, டிரான்ஸ்ஃபார்மர்லலாம் ஊத்தி வச்சிருந்த, லேசுல எரியாத, லேசுல சிதையாத ஒரு ரசாயனம்.

1968ல மேற்கு ஜப்பான்ல கனெமிங்கிற கம்பெனி தவிட்டெண்ணெய் தயாரிச்சுது. தவிட்டெண்ணெய்ல வாடை போகணும்னா நல்லா சூடு பண்ணணும், அதுக்காக தொட்டிக்குள்ள சுருள் குழாய் போட்டு சூடான பிசிபிய அதுல ஓட விட்டிருந்தாங்க, அது கசிஞ்சு எண்ணெயோட கலந்துடுச்சு. மொதல்ல விழுந்தது கோழிங்க. அதே ஆலையோட உபபொருள் எண்ணெய தீவனத்துல சேத்ததுல வருஷ ஆரம்பத்துலயே நாலு லட்சம் கோழி வரைக்கும் செத்துச்சு, அப்பவும் மனுஷங்க சாப்பிடற எண்ணெய யாரும் நிறுத்தல. அக்டோபர்லதான் விஷயம் வெளில வந்துச்சு, அதுக்குள்ள ஜனங்களுக்கு மொகமெல்லாம் பெரிய பெரிய பரு, நகம் கருத்துப்போய், கண்ணுல பீளை.

கர்ப்பமா இருந்தவங்க கதைதான் ரொம்ப கொடுமை. பொறந்த கொழந்தைங்க சில பேருக்கு தோலு கோலா கலர்ல இருந்துச்சு, ஈறு கருப்பு, எடை கம்மி, சில கொழந்தைக்கு பொறக்கறப்பவே பல்லு. தோல் நெறம் சில மாசத்துல தெளிஞ்சிடுச்சு. மூளைக்கு என்ன ஆச்சுங்கிறது தைவான்ல பல வருஷம் பின்தொடந்து பாத்தப்பதான் நல்லா தெரிஞ்சுது, அந்த பிள்ளைங்களோட ஐக்யூ மத்த பிள்ளைங்கள விட சராசரியா 5 பாயிண்ட் கம்மி. இதுல இன்னொன்னு, அம்மா அந்த எண்ணெய சாப்பிட்டு ஆறு வருஷம் வரைக்கும் கழிச்சு பொறந்த பிள்ளைக்கும் அதே அளவு பாதிப்பு. பிசிபி தண்ணில கரையாது, கொழுப்புலதான் கரையும், அதனால ஒடம்பு வெளியேத்த முடியாம கொழுப்புலயே சேத்து வச்சுக்கும், அப்புறம் கர்ப்பத்துல கருவுக்கு போகும், மிச்சம் தாய்ப்பால்ல எறங்கும். பிசிபி சூடாகறப்ப உண்டாகற ஃப்யூரான்னு ஒரு வகை இருக்கு, அதுதான் மெயின் வில்லன்னு பின்னாடி கண்டுபிடிச்சாங்க.

சரி, வார்த்தைக்கு வருவோம். கருவுலயே ஏறுன நஞ்சுக்கு கருநஞ்சுனு ஒரு சொல் வைக்கலாம்னு தோணும், சின்னதா அழகாவும் இருக்கு, ஆனா ஓடாது. கருநாகம் மாதிரி கருப்பு நஞ்சுனு படிப்பாங்க, அதுவும் போக ஊர்ப்பக்கம் நஞ்சுன்னாலே பிரசவத்துக்கு அப்புறம் விழறது, மாடு கன்னு போட்டா "நஞ்சு விழுந்துருச்சா"ன்னுதான் மொதல்ல கேப்பாங்க. பிறவிக் கோளாறுன்னு எழுதறது எனக்கு சுத்தமா புடிக்கல, என்னமோ தலையெழுத்து மாதிரி ஆயிடுது, கசியவிட்ட ஆலை காணாம போயிடுது. என்னக் கேட்டா நோயோட பேரு யூஷோன்னே இருக்கட்டும், ஜப்பான்லயே பாதரச விஷத்தால வந்த மினமாட்டா நோயோட பேர நாம மாத்தலையே. பிள்ளைங்களுக்கு ஆனத கருவழி பிசிபி பாதிப்புன்னு எழுதுங்க, கொஞ்சம் நீளம்தான், ஆனா எது, எந்த வழியா வந்துச்சுன்னு ரெண்டும் அதுலயே இருக்கு. இந்த மாதிரி சிதையாத ரசாயனங்கள மொத்தமா சொல்லணும்னா நிலைத்த கரிம மாசுகள்னு எழுதலாம், இதுங்கள ஒழிக்கறதுக்குன்னு நாடுங்க சேந்து போட்ட 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் மொத பட்டியல்ல போட்ட 12ல பிசிபியும் ஒண்ணு.

ஜப்பான்ல யூஷோ வெறும் நோய்ப்பேரு மட்டும் இல்ல, அரசாங்கம் "நீ யூஷோ நோயாளி"ன்னு அங்கீகரிச்சாதான் நிவாரணம். 2004ல அந்த அளவுகோல்ல ரத்தத்துல இருக்கற ஃப்யூரான் அளவையும் சேத்தாங்க. எண்ணெய நேரடியா சாப்பிட்டவங்களுக்கு அது உதவும், வயித்துல இருந்தப்ப வாங்குன பிள்ளைங்களுக்கு ரத்தத்துல அளவு கம்மியா இருக்கும், அதனால நெறைய பேருக்கு அந்தப் பேரு கெடைக்கல. 2021லதான் அடுத்த தலைமுறையப் பத்தி கணக்கெடுக்கவே ஆரம்பிச்சாங்க, அப்ப மூத்த பிள்ளைங்களுக்கு அம்பது வயசு தாண்டியாச்சு.