பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரம்: அதை உங்கள் வார்டுக்காகச் செலவிடுங்கள்

பணியில் இருக்கும் செவிலியர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி கோரிமேடு வரை சிறிதும் பெரிதுமாக நிறைய மருத்துவமனைகள் இருக்கின்றன. வகுப்பு எடுக்கப் போகும் இடங்களில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "மேடம், இதற்கு எத்தனை கிரெடிட் புள்ளி?" என்பதுதான். கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். செவிலியர் பதிவைப் புதுப்பிக்க ஐந்து ஆண்டுகளில் 150 மணி நேரத் தொடர் கல்வி முடித்திருக்க வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருக்கிறது. தேதி நெருங்க நெருங்கப் பதற்றம் வரத்தான் செய்யும்.

அந்தப் பதற்றத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. ஒரு ஓட்டல் மண்டபம், வரிசையாக நாற்காலிகள், மேடையில் ஆங்கில ஸ்லைடுகள். இரவுப் பணி முடித்த கையோடு பாகூரிலிருந்தும் ரெட்டிச்சாவடியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பெண்கள் இரண்டாவது உரைக்குள் கண்ணயர்ந்து விடுகிறார்கள். சாப்பாடு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, சான்றிதழ். மறுநாள் வார்டுக்குப் போனால் நேற்றைக்கும் இன்றைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. செவிலியரின் ஓய்வு நாள் போயிற்று, கட்டணம் போயிற்று, நோயாளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

150 மணி நேரத்தை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 30 மணி நேரம். மாதத்துக்கு இரண்டரை மணி நேரம். அதைக் கால் மணி நேரத் துண்டுகளாக்கினால் மாதத்தில் பத்து முறை, ஷிஃப்ட் மாறும்போது, நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே முடித்துவிடலாம். அந்தக் கால் மணி நேரத்தில் எதைக் கற்பது? உங்கள் வார்டுக்கு இன்று இரவு வரக்கூடியது எதுவோ அதை. அப்படி நான் திரும்பத் திரும்ப எடுக்கும் சில பாடங்களை இங்கே சொல்கிறேன்.

முதலில் இன்சுலின். நம் நாட்டில் இரண்டு அடர்த்திகளில் இன்சுலின் புழங்குகிறது. பெரும்பாலான குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலும் சில குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சுகள்: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ட்யூப் லைட் மங்கலாக எரியும் வார்டில், இரவு உணவுக்கு முன் பதினைந்து பேருக்கு ஊசி போட வேண்டிய அவசரத்தில், சிவப்பும் ஆரஞ்சும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். குப்பி 40 யூனிட் வகையாக இருந்தால் அது சரியாக 20 யூனிட். அதே கோடு வரை 100 யூனிட் மருந்தை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போகிறது, அதாவது இரண்டரை மடங்கு. விடியற்காலை மூன்று மணிக்கு அந்த நோயாளி சர்க்கரை தாழ்ந்து வியர்த்துக் கிடந்தால் தூங்குகிறார் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிடுவார்கள். மாற்றி நடந்தால், ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை 20 வரை இழுத்தால், போவது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை இறங்கவில்லை என்று மருத்துவர் மருந்தளவைக் கூட்டுவார். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்சை வைத்திருக்கும் செவிலியர் பணிக்கு வருவார். கூட்டிய அளவு முழுவதும் அன்று இறங்கும்.

இதைக் கற்பிக்க ஸ்லைடு தேவையில்லை. இரண்டு வகைக் குப்பியையும் இரண்டு வகைச் சிரிஞ்சையும் மேசையில் வைத்து, ஒவ்வொருவரையும் எடுத்துக் காட்டச் சொன்னால் போதும். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சும் பழக்கம் உங்கள் வார்டில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது ஊசி ஒவ்வாமை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியின் முதல் டோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. நோயாளி உடம்பெல்லாம் அரிக்கிறது என்கிறார், குரல் கம்முகிறது, மூச்சு இரைக்கிறது, நாடி பிடிக்கக் கிடைக்கவில்லை. நம் பகுதி வார்டுகளில் பெரும்பாலான கைகள் அப்போது தேடிப் போவது அவில் என்ற அலர்ஜி ஊசியையும் டெக்கா என்ற ஸ்டீராய்டு ஊசியையும்தான். ஆண்டாண்டு காலமாக வந்த பழக்கம் அது. அரிப்பை அவில் குறைக்கும். டெக்கா வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும். அடைக்கும் தொண்டையையும் விழும் ரத்த அழுத்தத்தையும் அந்த நிமிடத்தில் தூக்கி நிறுத்துவது அட்ரினலின் மட்டுமே. பெரியவர்களுக்கு ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் அரை மில்லி, தொடையின் நடுப்பகுதியில் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால் இன்னொரு முறை. மருந்தை நிறுத்தி, ஆளைப் படுக்க வைத்து, காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் அதிகமாக இருந்தால் சாய்ந்து உட்கார விடலாம். ஆனால் எழுப்பி நடக்க வைக்கக் கூடாது.

"டாக்டர் சொல்லாமல் அட்ரினலின் போடலாமா?" என்று எல்லா வகுப்பிலும் கேட்கிறார்கள். மிக நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவமனை நிர்வாகமும் மருத்துவர்களும். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு இன்ன மருந்தை, இன்ன அளவில், மருத்துவர் வருவதற்குள் செவிலியர் போடலாம் என்று எழுத்தில் கையெழுத்திட்ட நிலையாணை ஒவ்வொரு வார்டிலும் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், செவிலியர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு போனில் மருத்துவரைத் தேடிக்கொண்டிருப்பார். பயிற்சி வகுப்பு கேட்கும்போதே இந்த ஆணையையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடலூர் மாவட்டத்தின் முந்திரிக் காடுகளிலிருந்தும் கரும்பு, நெல் வயல்களிலிருந்தும் வரும் பாம்புக்கடிக்கு இந்தப் பகுதிச் செவிலியர் ஒவ்வொருவரும் ஆயத்தமாக இருக்க வேண்டும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அதைக் கண்டறியும் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இரண்டு மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிச் சோதனைக் குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் ஆட்டாமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாகாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது.

இந்தச் சோதனை முழுக்க அந்தக் குழாயை நம்பியிருக்கிறது. கண்ணாடிப் பரப்புதான் உறைதலைத் தூண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் குழாயில் விட்டாலும், சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயில் விட்டாலும், விஷமே ஏறாதவரின் ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். அவருக்குத் தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். அந்த மருந்துக்கே ஒவ்வாமை வரலாம். இன்று பெரும்பாலான வார்டுகளில் ரத்தம் எடுப்பது பிளாஸ்டிக் குழாய்களில்தான். எனவே கண்ணாடிக் குழாய்கள் சிலவற்றை இதற்கென்றே பெயர் எழுதித் தனியே வைத்திருக்க வேண்டும். நான் போகும் இடங்களில் முதலில் அதைத்தான் காட்டச் சொல்வேன்.

ரத்தம் உறைந்துவிட்டது என்பதால் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது. கட்டுவிரியனும் நல்ல பாம்பும் நரம்பைத் தாக்குகின்றன. தரையில் படுத்துத் தூங்கியவர் நள்ளிரவில் வயிற்று வலி என்று வருவார். கடிபட்ட தடமே தெரியாது. இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று மணிக்கு மணி பார்க்க வேண்டியது செவிலியர்தான். விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. உடம்பில் ஏறிய விஷத்தை முறிக்கத்தான் மருந்து, எடையைப் பார்த்து அல்ல. குப்பியைக் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும். தோலில் சோதனை ஊசி போட்டுப் பார்ப்பது இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வையுங்கள்.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டால் மறக்காது என்பார்கள். நின்ற இதயத்தை இயக்க மார்பை அழுத்தும் இதயமீட்புச் சிகிச்சை (சிபிஆர்) அப்படி இல்லை. பழகாமல் விட்டால் சில மாதங்களிலேயே கை தளர்ந்துவிடும். 2010-க்கு முன் படித்தவர்கள் மூச்சுப் பாதை, சுவாசம், அதன் பிறகு ரத்த ஓட்டம் என்ற வரிசையில் படித்தார்கள். அந்த ஆண்டு வந்த வழிகாட்டுதல் மார்பு அழுத்தத்தை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். பொம்மை ஒன்று வார்டில் மூலையில் கிடந்தால் போதும்; பணி மாறும்போது இருவர் இரண்டிரண்டு நிமிடம் அழுத்தலாம். சான்றிதழ் இரண்டு ஆண்டு செல்லும் என்பதற்காக இரண்டு ஆண்டு தொடாமல் இருக்காதீர்கள்.

பிரசவ அறையிலும் நிறைய மாறியிருக்கிறது. குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே கவ்விவிடுவது பழைய முறை. ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுப்பது இன்றைய பரிந்துரை. கர்ப்பகால வலிப்புக்குப் போடும் மக்னீசியம் சல்பேட்டின் ஒவ்வொரு டோஸுக்கு முன்பும் முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு மூன்றையும் பார்த்து எழுத வேண்டும். அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நம் கடற்கரைக்கென்று ஒரு தனிப் பாடமும் உண்டு. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் என்று வரிசையாகப் பார்த்துவிட்டோம். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் திணறினால் வென்டிலேட்டர் நோயாளிக்குக் கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்துவது யார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது? மூச்சுக் குழாய் போட்ட பெரியவருக்கு ஆறு நொடிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கு எல்லோருக்கும் கைவந்திருக்கிறதா? குளிரில் இருக்க வேண்டிய இன்சுலினையும் ஆக்சிடோசினையும் எங்கே மாற்றுவது? இவற்றை ஐப்பசி மழைக்கு முன்பே, ஒரு மத்தியானத்தில் நிஜமாகவே விளக்கை அணைத்துவிட்டுப் பழக வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஏன், எப்படி என்பதைத் தமிழில் விளக்கும்போதுதான் பின் வரிசையிலிருந்து கேள்வி வருகிறது. ஆங்கிலத்தில் வகுப்பெடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ள சிஸ்டர்களிடம் சந்தேகம் கேட்கவே பயப்படும் இளையவர்களும், புதிதாகப் படித்துவிட்டு வந்தவரிடம் கேட்டால் மதிப்புக் குறையும் என்று நினைக்கும் மூத்தவர்களும் ஒரே வார்டில் இருக்கிறார்கள். இளையவருக்குப் புதிய வழிகாட்டுதல் தெரியும். மூத்தவருக்கு, எண்கள் மாறும் முன்பே நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியும். இருவரையும் சேர்ந்தே ஒரு வகுப்பை எடுக்க வைத்தால் அந்த இறுக்கம் தளர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓய்வு நாளில் வரச் சொல்லி வகுப்பு நடத்தாதீர்கள். வீட்டில் சமையலும் பிள்ளைகளும் காத்திருக்கும் பெண்ணின் ஒரே விடுமுறையைப் பறித்துக்கொண்டு ஊக்கமாகப் படி என்று சொல்வது அநியாயம். பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகவே பட்டியலில் போடுங்கள். வார்டு வகுப்புகளுக்குத் தானாகக் கிரெடிட் புள்ளி கிடைத்துவிடாது. கவுன்சிலிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்குவது உங்கள் பொறுப்பு. புள்ளியும் கிடைத்து, வார்டுக்கும் உதவும் என்றால் செவிலியர் ஏன் ஓட்டல் மண்டபத்துக்கு ஓடப் போகிறார்?

சிறிய நர்சிங் ஹோமில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காமல் போகலாம். அவர்கள் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் இலவச இணைய வகுப்புகளையும் பார்க்கலாம். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஐகாட் கர்மயோகி தளம் இருக்கிறது. சேரும் முன், அந்தச் சான்றிதழை உங்கள் கவுன்சில் ஏற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. 1947-ஆம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் வர, தேசிய நர்சிங், மகப்பேறு உதவிப் பணி ஆணையச் சட்டம் 2023-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகவே யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விதியை நம்பாமல், உங்கள் பதிவு இருக்கும் கவுன்சிலின் இணையதளத்தையே பாருங்கள். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் தேதி, தலைப்பு, மணி நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, சான்றிதழைப் போனில் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தாழ்வான தெருவில் வீடு இருப்பவர்கள் அசல் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள்; மழை வந்த பிறகு தேடாதீர்கள்.