தெஷுவா: திரும்புதலும் திருப்புதலும்

எபிரேயத் தீர்க்கதரிசிகள் 'மனந்திரும்புங்கள்' என்று சொல்லும் இடத்தில் இருக்கும் வினை ஷூவ். அதில் 'மனம்' கிடையாது. திரும்பு, அவ்வளவுதான். எபிரேய வேதாகமத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் இந்த வினை, பல இடங்களில் ஊருக்குத் திரும்பினான், வீட்டுக்குத் திரும்பினான் என்ற அன்றாடப் பொருளில்தான் வருகிறது.

இதன் பெயர்ச்சொல் தெஷுவா. இன்று யூதர்கள் பாவத்தை விட்டுத் திரும்புவதை இப்படித்தான் சொல்கிறார்கள். வேதாகமத்திலோ ஆண்டு திரும்புவதும் (2 சாமுவேல் 11:1) மறுமொழியும் (யோபு 21:34) தெஷுவாதான். இதைச் சமயக் கலைச்சொல் ஆக்கியவர்கள் பின்வந்த யூத மத ஆசிரியர்களான ரபிகள்.

வேரின் விளையாட்டைப் பார்க்க எரேமியா 3:22 போதும்: "ஷூவூ பானீம் ஷோவாவீம்." சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள் என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. மூலத்தில் 'சீர்கெட்ட' என்பதும் அதே வேர்தான்; விலகிப் போனவர்கள். போனதற்கும் வருவதற்கும் ஒரே வினை.

தமிழில் திரும்பு தன்வினை, திருப்பு பிறவினை. எபிரேயத்திலும் ஷூவுக்குப் பிறவினை உண்டு. எரேமியா 31:18இல் எப்பிராயீம் (வட இஸ்ரவேலை ஒரு மனிதனாக உருவகிக்கும் பெயர்), "என்னைத் திருப்பும், திரும்புவேன்" என்று கெஞ்சும்போது (ஹஷிவேனி வெஆஷூவா) இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. மனிதன் திரும்புவதற்கும் தேவன் அவனை மீட்டு நிலைநிறுத்துவதற்கும் வேர் ஒன்றே. கி.மு. 586இல் எருசலேம் எரிந்தபின் எழுந்த புலம்பலின் கடைசிக்கு முந்தைய வசனமும் (5:21) இதே வேண்டுதல்தான்.

அடுத்த வசனத்தில், திரும்பியபின் வருந்தினேன் என்கிறான் எப்பிராயீம். அந்த வருத்தத்துக்கு வேறு வினை, நாஹாம். பச்சாத்தாபம், தனித்தமிழில் கழிவிரக்கம், இதற்குத்தான் பொருந்தும்; ஷூவுக்கு வைத்தால் பிழை. 'மனமாற்றம்' புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான மெத்தனோயாவுக்குச் சரி, ஆனால் அதில் நடந்து வரும் வழி இல்லை. 'மனந்திரும்புதல்' கிரேக்கத்தின் மனத்தையும் எபிரேயத்தின் திரும்புதலையும் சேர்த்துப் பிடித்த நல்ல ஆக்கம். தீர்க்கதரிசிகளை மொழிபெயர்க்கையில் வெறும் 'திரும்பு' என்றே விடலாம் என்பது என் கட்சி.

'ஷூவ் ஷெவூத்' என்ற தொடர்தான் சிக்கல். 'சிறையிருப்பைத் திருப்புதல்' என்று படித்துப் பழகிவிட்டோம். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அது சரி. யோபு 42:10இலும் 'அவன் சிறையிருப்பை மாற்றினார்' என்றே இருக்கிறது. யோபு எந்தச் சிறையில் இருந்தான்? ஆடுமாடுகளையும் பிள்ளைகளையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவன் அல்லவா! சிரியாவின் செபிரேயில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டு அரமேயக் கல்வெட்டிலும் இதையொத்த தொடர் உண்டு. அங்கே தெய்வங்கள் ஓர் அரசகுடும்பத்தை முன்னைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. ஆகவே 'இழந்த வாழ்வைத் திருப்பித் தருதல்' என்பதே நெருக்கமான தமிழ்.